எண்பது வயது, இருபது பற்கள்

அவையோருக்கு வணக்கம்.

பல் வலித்தால்தான் டாக்டரிடம் போவது என்ற பழக்கம் நமக்கு மட்டும் உரியதல்ல. ஜப்பானியர்களும் அப்படித்தான் இருந்தார்கள். 1989-இல் அந்நாட்டுச் சுகாதார அமைச்சகமும் பல் மருத்துவர் சங்கமும் சேர்ந்து '8020' என்ற இயக்கத்தைத் தொடங்கின. எண்பது வயதிலும் இருபது சொந்தப் பற்கள் இருக்க வேண்டும், அவ்வளவுதான் கோரிக்கை. ஏன் இருபது? அத்தனை இருந்தால் அநேகமாக எதையும் மென்று சாப்பிட முடியும். ஏன் எண்பது? அன்றைய ஜப்பானியரின் சராசரி ஆயுள் ஏறக்குறைய அதுதான். அந்த வயதினரில் பத்தில் ஒருவருக்குக்கூட அப்போது இருபது பற்கள் இருக்கவில்லை. 2016 கணக்கெடுப்பில் பாதிப் பேருக்கு மேல் இருந்தது.

ஒரு முழக்கம் மட்டும் இதைச் சாதித்துவிட்டது என்று நான் சொல்ல மாட்டேன். 2016-இல் எண்பதைத் தொட்டவர்களுக்கு, இயக்கம் தொடங்கியபோதே வயது ஐம்பதைத் தாண்டியிருந்தது. அவர்களுக்கு முன்பிருந்தே கைகொடுத்தது வேறொன்று. 1961 முதல் அங்கே எல்லோருக்கும் மருத்துவக் காப்பீடு உண்டு. பல் அடைப்பதும் பல்செட் கட்டுவதும்கூட அதில் அடக்கம். வேலைக்குப் போகும் வயதினர் செலவில் முப்பது சதவீதம் கொடுத்தால் போதும். செலவுக்குப் பயந்து பல்லைப் பிடுங்கிப் போடுகிற நிலை வராமல் இருக்க, முதலில் இதுதான் வேண்டும்.

அப்புறம் பரிசோதனை. குழந்தைக்கு ஒன்றரை வயதில் ஒரு முறை, மூன்று வயதில் ஒரு முறை உள்ளாட்சியே கூப்பிட்டுப் பல்லைப் பார்க்கிறது. பள்ளியில் சேர்ந்த பிறகு ஆண்டுதோறும் பல் மருத்துவர் வந்து பார்க்கிறார். சொத்தை இருந்தால் வீட்டுக்குக் கடிதம் போகிறது. பெற்றோருக்கு நினைவிருக்கிறதா இல்லையா என்பதை நம்பி இந்த ஏற்பாடு நடக்கவில்லை. எனக்கு மிகவும் பிடித்தது இதுதான்.

ஆனால் பள்ளியை விட்டதும் இந்தத் தொடர்ச்சி அறுந்துபோகிறது. ஈறு நோய் மெல்லப் பிடிக்கத் தொடங்குகிற வயதும் அதுதான், பெரும்பாலும் வலியே இல்லாமல். உள்ளாட்சிகள் நடத்தும் ஈறு பரிசோதனை நாற்பது வயதில்தான் ஆரம்பித்தது. 2024-இல்தான் இருபது, முப்பது வயதினரையும் சேர்த்தார்கள். அதிலும் கட்டாயம் கிடையாது, போகிறவர்கள் மிகக் குறைவு. நிறுவனங்கள் ஊழியர்களுக்கு ஆண்டுதோறும் செய்தாக வேண்டிய பொது மருத்துவப் பரிசோதனையிலும் பல் இல்லை. அமிலம் போன்ற, பல்லை அரிக்கும் பொருள்களோடு வேலை செய்பவர்களுக்கு மட்டும் ஆறு மாதத்துக்கு ஒரு முறை பல் மருத்துவர் பார்க்க வேண்டும் என்று சட்டம் இருக்கிறது.

அமிலத் தொழிலாளிக்குச் சட்டத்தால் முடிந்தது அலுவலக ஊழியருக்கு ஏன் முடியாது? 2022-இல் ஜப்பான் அரசு, குடிமக்கள் அனைவருக்கும் வாழ்நாள் முழுவதும் பல் பரிசோதனை என்பதைக் கொள்கை ஆவணத்தில் எழுதிவைத்தது. அதைத் தபாலில் வரும் அழைப்போடு நிறுத்தினால் பலன் இருக்காது. ரத்த அழுத்தம் பார்க்கும் அதே நாளில், அதே இடத்தில், வாயையும் திறந்து பார்க்கச் சொல்ல வேண்டும்.