சொந்த விருந்தில் நாற்காலி இல்லை! ஸ்பெயினைக் கடுப்பேற்றிய பிலிப்பைன்ஸ் நாவல்

[திரையில்: ஆவி பறக்கும் கோழிச்சாறு]

விருந்தில் எல்லாருக்கும் தொடைக்கறியும் நெஞ்சுக்கறியும் விழுகிறது. கொழுத்த பாதிரியார் ஒருவர் தட்டில் மட்டும் நிறையச் சுரைக்காய், நடுவே மொட்டைக் கழுத்து ஒன்று, கடிக்க முடியாத இறக்கை ஒன்று. இந்தக் காட்சியை ஒரு நாவலில் எழுதியவரை 1896 டிசம்பர் 30 அன்று பிலிப்பைன்ஸின் மணிலாவில் ஸ்பெயின் அரசு சுட்டுக் கொன்றது.

பெயர் ஹோசே ரிசால். கண் மருத்துவர். குற்றப்பத்திரிகையில் கோழி இல்லைதான். கலகம், ராஜதுரோகம் என்று பெரிய பெரிய வார்த்தைகள். ஆனால் துறவிகளின் கோபம் தொடங்கியது இந்த நாவலில்.

பின்னணியை வேகமாக முடித்துவிடுகிறேன், ஓடிவிடாதீர்கள். பிலிப்பைன்ஸில் 1565 முதல் ஸ்பானிய ஆட்சி. ஊருக்குள் அதிகாரம் பெரும்பாலும் ஸ்பானியக் கத்தோலிக்கத் துறவிகள் கையில்: பள்ளிக்கூடம், குடிக்கணக்கு, பல இடங்களில் நிலமும்கூட. சரி, கதைக்கு வருவோம்.

அந்த நாவல் 'நோலி மெ தாங்கெரே', 1887-ல் பெர்லினில் அச்சானது. ரிசாலுக்கு அப்போது 25 வயது, கையில் காசில்லை. நண்பர் மாக்சிமோ வியோலா 300 பெசோ கடன் கொடுத்ததால் 2000 பிரதிகள் வந்தன. செலவைக் குறைக்க ஒரு முழு அத்தியாயத்தையே வெட்டினார்.

இப்போது அந்தச் சாப்பாட்டு மேசை. ஐரோப்பாவில் ஏழு வருடம் இருந்துவிட்டுத் திரும்பிய இபார்ரா என்ற இளைஞனுக்காக உள்ளூர்ப் பணக்காரர் கேப்டன் தியாகோ விருந்து வைக்கிறார். தலைமாட்டு நாற்காலி யாருக்கு? பிரான்சிஸ்கன் சபையின் பாதிரியார் தாமசோவும் டொமினிக்கன் சபையின் சிபிலாவும் ஒரே நாற்காலியை நோக்கி நடக்கிறார்கள். "நீங்கள் உட்காருங்கள்", "இல்லையில்லை, நீங்கள்தான்" என்று வாயால் உபசாரம். நாற்காலியை விட இருவருக்கும் மனமில்லை. கல்யாணப் பந்தியில் முதல் இலைக்கு முறைத்துக்கொள்ளும் இரண்டு சம்பந்திகளை நினைத்துக்கொள்ளுங்கள், அதேதான்.

இந்தக் கூத்தில் எல்லாரும் உட்கார்ந்துவிட, ஒருவருக்கு மட்டும் இடமில்லை. யார்? வீட்டுக்காரர்! அவர் காசு, அவர் கோழி, அவர் மேசை. நாற்காலி மட்டும் இல்லை. அதைக் கவனித்துக் கேட்பவன் இபார்ரா ஒருவன்தான். காலனி ஆட்சியைப் பற்றி இதைவிடக் கச்சிதமான காட்சி எனக்குத் தெரியாது.

அப்புறம் சாறு வருகிறது. நல்ல துண்டுகள் மற்றவர்களுக்கு, அதிலும் இபார்ராவுக்கு, போனதைத் தாமசோ பார்க்கிறார். சுரைக்காயை நசுக்குகிறார், ஒரு வாய் சாறு குடிக்கிறார், கரண்டியைச் சத்தமாகப் போட்டுவிட்டுத் தட்டைத் தள்ளிவிடுகிறார். இபார்ராவின் அப்பா சடலத்தைக் கல்லறையிலிருந்து தோண்டி எடுக்கச் சொன்னவரும் இதே ஆள்தான் என்பது பிறகு தெரியவரும்போது, முன்பு சிரித்தது தொண்டையில் சிக்கும். தன்னைக் கொடூரன் என்று எழுதினால் அதிகாரம் பொறுத்துக்கொள்ளும். கறித்துண்டுக்கு முகம் சுளிக்கிறவன் என்று எழுதினால் பொறுக்காது.

சீசா என்ற தாயும் அவளது இரண்டு பையன்களும் வரும் பகுதியைப் பற்றி நான் பேசப்போவதில்லை, நீங்களே படித்து அழுங்கள்.

இரண்டாவது நாவல் 'எல் ஃபிலிபுஸ்தெரிஸ்மோ', 1891, பெல்ஜியத்தின் கெண்ட் நகரில் அச்சானது. 1872-ல் ஸ்பெயின் அரசு கொன்ற மூன்று பிலிப்பைன்ஸ் பாதிரியார்களுக்குக் காணிக்கை. இபார்ரா இப்போது சிமோன் என்ற நகை வியாபாரியாக மாறுவேடத்தில் வருகிறான். (130 வருடப் பழைய கதை, ஸ்பாய்லர் என்று சண்டைக்கு வராதீர்கள்.) கல்யாண வீட்டுக்கு ஒரு விளக்கைப் பரிசளிக்கிறான், உள்ளே வெடிமருந்து. திரி மங்கியதும் யாராவது தூண்டினால் மொத்தப் பெரிய மனிதர்களும் காலி. கடைசி நேரத்தில் மணப்பெண்ணின் பழைய காதலன் ஓடிவந்து விளக்கைத் தூக்கி ஆற்றில் எறிந்துவிடுகிறான்!

இந்த முடிவு பலருக்குப் பிடிக்காது, எனக்குப் பிடிக்கும். ரிசாலே ஆயுதப் புரட்சிக்குச் சம்மதிக்காதவர். வேடிக்கை என்னவென்றால், புரட்சி செய்த கத்திபுனான் இயக்கம் அவர் பெயரையே ரகசியக் கடவுச்சொல்லாக வைத்திருந்தது. 1956-ல் பிலிப்பைன்ஸில் கத்தோலிக்கத் திருச்சபையின் எதிர்ப்பை மீறி, இந்த இரண்டு நாவல்களையும் மாணவர்கள் படிக்க வேண்டும் என்று சட்டமே வந்தது. ஸ்பானிய மொழியில் எழுதியவை. இன்று பெரும்பாலோர் படிப்பது மொழிபெயர்ப்பில்.

ஒரு துணுக்கு பாக்கி இருக்கிறது. 1887-ல் ரிசால் ஊர் திரும்பியபோது, பாதுகாப்புக்கு என்றும் கண்காணிக்கவும் கவர்னர் ஜெனரல் ஒரு ஸ்பானிய லெப்டினன்டை அனுப்பினார்: ஹோசே தவியேல் தே ஆந்திராதே. இருவரும் நண்பர்களாகிவிட்டார்கள். ஒன்பது வருடம் கழித்து ராணுவ நீதிமன்றத்தில் ரிசாலுக்காக வாதாட அதிகாரிகள் பட்டியல் ஒன்றை நீட்டினார்கள். அதில் தெரிந்த குடும்பப் பெயர் ஒன்று இருந்தது: லூயிஸ் தவியேல் தே ஆந்திராதே, அந்த லெப்டினன்டின் சகோதரர். ரிசால் அவரைத்தான் தேர்ந்தெடுத்தார். அந்த விசாரணையைத் தனி வீடியோவாகப் போடட்டுமா? கமெண்டில் சொல்லுங்கள்.