நிலைத்தது எம்மா அரசியின் அறக்கொடையே

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, அவையோரே, அனைவருக்கும் வணக்கம். "ஹவாய் மக்களின் வாழ்வில் இன்றும் நிலைத்து நிற்பது லிலியுவோகலானி அரசியின் உரிமைப் போராட்டமா, எம்மா அரசியின் அறக்கொடையா?" என்னும் தலைப்பில், அறக்கொடையே என்று வாதிட வந்திருக்கிறேன்.

ஹவாய் தனி முடியரசாக இருந்த காலத்தில், 1893 ஜனவரியில், அமெரிக்கக் கடற்படையினர் தலைநகர் ஹொனலுலுவில் கரையிறங்கி நிற்க, அதன் கடைசி அரசி லிலியுவோகலானி அரியணை இழந்த வரலாற்றை எதிரணித் தலைவர் சொன்னபோது அவை கலங்கியது, நானும் கலங்கினேன். அமெரிக்காவோடு இணைப்பதை எதிர்த்து 1897இல் 21,000க்கும் மேற்பட்டோர் கையொப்பமிட்ட மனுக்களின் பெருமையை மறுப்பவர் எவருமில்லை. எனினும் தலைப்பு நம்மிடம் கேட்பது மக்களின் நினைவைப் பற்றி அல்ல, வாழ்வைப் பற்றி.

எம்மா அரசியாக ஆனது 1856இல், ஹவாய் மன்னர் நான்காம் கமேஹமேஹாவை மணந்தபோது. அதற்கு மூன்றாண்டுகளுக்கு முன்புதான் பெரியம்மை ஆயிரக்கணக்கான ஹவாயியர்களைக் கொன்று தீர்த்திருந்தது. 1778இல் ஆங்கிலேயக் கடலோடி ஜேம்ஸ் குக்கின் கப்பல்கள் வந்தது முதல் வெளியிலிருந்து புகுந்த நோய்களுக்கு ஈடுகொடுக்க முடியாமல், ஓர் இனமே தன் கண்ணெதிரே அருகிக்கொண்டிருந்தது. தாயின் சகோதரியும் அவர் கணவரான ஆங்கிலேய மருத்துவர் தாமஸ் ரூக்கும் தத்தெடுத்து வளர்த்த பெண் எம்மா. ஒரு மருத்துவர் வீட்டில் வளர்ந்தவருக்கு இந்த அழிவின் பொருள் நன்றாகவே தெரிந்திருக்கும்.

மருத்துவமனை வேண்டுமென்று மன்னர் 1855லேயே சட்டமன்றத்திடம் கேட்டிருந்தார், அரசிடம் பணமில்லை. பிறகு நடந்ததை அவை சற்றுக் கூர்ந்து கேட்க வேண்டும். மன்னரும் அரசியும் கையில் குறிப்பேட்டோடு ஹொனலுலுவில் வீடு வீடாகவும் கடை கடையாகவும் ஏறி இறங்கி, தருவோர் பெயரையும் தொகையையும் எழுதி வாங்கினார்கள். ஒரு மாதத்துக்குச் சற்றுக் கூடுதலான காலத்தில் 13,000 டாலருக்கு மேல் சேர்ந்தது. நாட்டை ஆளும் மன்னரே குடிமக்களின் வாசலில் நின்று கேட்டார். 1859இல் 18 படுக்கைகளோடு தற்காலிக மருத்துவமனை திறக்கப்பட்டது. அடுத்த ஆண்டே நிலையான கட்டடம் எழுந்து, 'குவீன்ஸ் ஹாஸ்பிட்டல்' என்று அரசியின் பெயரால் வழங்கலாயிற்று. ஏழை ஹவாயியர்களுக்கு அங்கே கட்டணமில்லை.

1862இல் நான்கு வயது மகன் இறந்தான். மறு ஆண்டே மன்னரும் மறைந்தார். 27 வயதில் கைம்பெண்ணான எம்மா அதன்பிறகும் ஓயவில்லை. 1867இல் அவர் முயற்சியால் தொடங்கப்பட்ட புனித ஆண்ட்ரூ பெண்கள் பள்ளியில் இன்றும் பாடம் நடக்கிறது.

எதிரணியினர் இதற்கு விடை சொல்லட்டும்: எம்மாவும் அரசியல் களத்தில் நின்றவர்தானே? 1874இல் அரியணைக்குப் போட்டியிட்டுச் சட்டமன்ற வாக்கெடுப்பில் 39க்கு 6 என்று, எதிர்த்துப் போட்டியிட்ட கலகாவாவிடம் தோற்றார். அவருடைய ஆதரவாளர்கள் கொதித்தெழுந்தார்கள். அந்தக் கிளர்ச்சி அடக்கப்பட்டது. அந்த முயற்சியால் இன்று எவருக்காவது பயன் உண்டா? 1885இல் இறந்தபோது எழுதிவைத்திருந்த உயிலுக்கு உண்டு. தம் நிலங்களின் பெரும்பகுதியை மருத்துவமனைக்காக அறக்கட்டளையில் வைத்தார். ரொக்கம் தந்திருந்தால் ஒரு தலைமுறைக்குள் கரைந்திருக்கும். நிலமாக விட்டதால் குத்தகை வருமானம் இன்றும் வருகிறது. ஹொனலுலுவின் கடற்கரைப் பகுதியான வைக்கிக்கியில் சுற்றுலாப் பயணிகள் நடமாடும் இன்டர்நேஷனல் மார்க்கெட் பிளேஸ் வணிக வளாகம், முதிர்ந்த ஆலமரத்தோடு நிற்பது எம்மாவின் நிலத்தில்தான். கடைக்காரர் கட்டும் வாடகையில் ஒரு பங்கு நோயாளியின் படுக்கைக்குப் போய்ச் சேருகிறது. அரசி வாழ்ந்த இடத்தில் கடைகளா என்று எதிரணியில் ஒருவர் வருந்தினார். அந்த வருத்தம் எனக்கும் உண்டு. ஆயினும் அந்த வருமானம் போகும் திசையைப் பார்த்தபின் அதைக் குறையென்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

லிலியுவோகலானி அரசியையே சான்றுக்கு அழைக்கிறேன். அரியணையை மீட்க எல்லா வழிகளிலும் போராடிய அந்தப் பெருமாட்டி, 1909இல் தம் சொத்துகளை ஆதரவற்ற ஹவாயியக் குழந்தைகளுக்கென அறக்கட்டளையாக்கினார். இறுதியில் அவரும் தேர்ந்தெடுத்தது எம்மாவின் வழியைத்தான், நடுவர் அவர்களே.

ஹொனலுலு அமைந்துள்ள ஒவாஹு தீவின் மேற்குப் பகுதியில் ஹவாயியர்கள் அதிகம் வாழ்கிறார்கள். அங்கே இருந்த மருத்துவமனை 2011 இறுதியில் நொடித்து மூடப்பட்டபோது, அவசரச் சிகிச்சைக்கும் வெகுதூரம் போக வேண்டிய நிலை அம்மக்களுக்கு ஏற்பட்டது. எம்மாவின் மருத்துவமனையை நடத்தும் நிறுவனம் அதை வாங்கிப் புதுப்பித்து, 2014 மே மாதத்தில் மீண்டும் திறந்தது. அரசி இறந்து 129 ஆண்டுகளுக்குப் பிறகு அந்த வாசலுக்கு முதலில் வந்த நோயாளியையும் மனத்தில் வைத்துத் தீர்ப்பு வழங்குமாறு வேண்டி, என் உரையை நிறைவு செய்கிறேன். நன்றி, வணக்கம்.