யேட்ஸ் தன் கவிதையைப் படித்த விதம்

நண்பர்களுக்கு வணக்கம்.

இன்றைக்கு ஒரே ஒரு ஒலிப்பதிவைப் பற்றித்தான் பேசப்போகிறேன். அயர்லாந்துக் கவிஞர் டபிள்யூ. பி. யேட்ஸ் 1930களில் பிபிசி வானொலிக்காகத் தன் கவிதைகளைப் படித்தார். 1865இல் பிறந்தவர், 1923இலேயே நோபல் பரிசு வாங்கியவர். அந்தப் பதிவை முதல்முறை கேட்கிற பலருக்குத் திகைப்பாக இருக்கும். இதென்ன, மந்திரம் ஓதுவதுபோல இழுத்து இழுத்துப் படிக்கிறாரே என்று தோன்றும்.

அப்படித்தான் படிப்பேன் என்று அவரே முன்கூட்டிச் சொல்லிவிடுகிறார். ஓசைக்கு மிகுந்த அழுத்தம் கொடுத்துப் படிக்கப்போகிறேன், பழக்கமில்லாதவர்களுக்கு விசித்திரமாக இருக்கலாம் என்கிறார். அப்புறம் ஆங்கிலக் கவிஞர் வில்லியம் மாரிஸ் பற்றி ஒரு கதை. மாரிஸின் நெடுங்கவிதையிலிருந்து ஒரு பகுதியை யாரோ அரங்கத்தில் ஒப்பிக்க, மாரிஸ் கொதித்துப்போய் வெளியே வந்தாராம்: அதைச் செய்யுளாக்க நான் பட்ட பாடு கொஞ்சமா! யேட்ஸ் சொல்கிறார்: எனக்கும் அதே பாடுதான், அதனால் என் கவிதைகளை உரைநடைபோலப் படிக்கமாட்டேன். எனக்கு இந்தப் பிடிவாதம் மிகவும் பிடிக்கும். வெண்பாவைச் செப்பலோசையில் சொல்லிப் பழகிய காதுக்கு இதில் வியப்பேதும் இருக்காது என்றும் நினைக்கிறேன்.

பிறகு ‘இன்னிஸ்ஃப்ரீ ஏரித்தீவு’ கவிதைக்கு வருகிறார். பரவலாகத் தெரிந்த என் கவிதை இது ஒன்றுதான், இதில் தொடங்குவேன் என்றுதான் எதிர்பார்ப்பீர்கள் என்கிறார். இளவயதில் அயர்லாந்தின் ஸ்லைகோ ஊரில் அமெரிக்க எழுத்தாளர் தோரோவைப் படித்துவிட்டு, லாக் கில் ஏரியில் உள்ள ஒரு தீவில் குடிசை போட்டு வாழ ஆசைப்பட்டதைச் சொல்கிறார். இருபத்து மூன்று வயதில், லண்டனில், ஸ்ட்ராண்ட் தெருவில் நடக்கும்போது தண்ணீர் சலசலக்கும் சத்தம். பார்த்தால், ஒரு கடைக் கண்ணாடிக்குள் சின்ன நீரூற்று ஒரு பந்தைத் தாங்கி நிற்கிறது. குளிர்பான விளம்பரம்தான். ஆனால் அது அவரை ஊர் ஏரிக்குக் கொண்டுபோய்விட்டது.

கவிதையில் நண்பகலை ஊதா ஒளி என்கிறாரே, அது என்ன? தண்ணீரில் தெரியும் ஹெதர் என்னும் ஊதாநிறப் பூக்களின் நிழலைத்தான் நான் நினைத்திருக்க வேண்டும் என்கிறார். கவனியுங்கள்: ‘நினைத்திருக்க வேண்டும்’. நாற்பது ஆண்டுகளுக்கு மேல் ஆகிவிட்டது. எழுதியவரே ஊகிக்கிறார். இன்னொன்றும் இருக்கிறது. அந்த நீரூற்றைத் தன் வாழ்க்கை நினைவுகளில் அவர் ஃப்ளீட் தெருவில் வைக்கிறார், வானொலியில் ஸ்ட்ராண்ட். இரண்டும் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டிருக்கும் தெருக்கள்தான். ஆனாலும் நினைவு நகர்ந்திருக்கிறது.

ஆகவே இப்படிப்பட்ட பதிவுகளில் கவிஞர் தரும் விளக்கத்தை, கவிதையை நன்றாக அறிந்த ஒரு வாசகரின் கருத்தாகவே நான் எடுத்துக்கொள்கிறேன். அதைவிட அவர் வாசிப்பைத்தான் நம்புகிறேன். எந்தத் தெரு என்பது மாறிவிட்டது. எந்த அசையில் அழுத்தம் என்பதில் அவருக்குத் துளியும் தயக்கமில்லை. அதே நினைவுகளில், தன் சொந்த இசை கொஞ்சமாவது சேர்ந்த முதல் பாட்டு இது என்று எழுதுகிறார். முதல் அடியின் பழைய தோரணைச் சொற்களைப் பின்னாளில் எழுதியிருக்கமாட்டேன் என்றும் சொல்கிறார். சொற்களில் அவருக்குக் குறை தெரிந்தது. இசையை மட்டும் விட்டுக்கொடுக்கவில்லை. அந்த இசை எது என்பதற்கு அச்சுப் பக்கம் பாதிச் சாட்சிதான். மீதி அவர் குரலில் இருக்கிறது.

சரி, பதிவைப் போடுகிறேன். மூன்று பத்திகள், ஒவ்வொன்றிலும் நான்கு அடிகள். முதல் மூன்றும் நீளம், நான்காவது குட்டை. அந்த நான்காம் அடிக்கு வரும்போது குரல் என்ன செய்கிறது என்று பாருங்கள். கவிதையின் கடைசி அடி அடுத்தடுத்து மூன்று கனமான அசைகளில் முடிகிறது. அந்த மூன்றுக்கும் அவர் எவ்வளவு நேரம் கொடுக்கிறார் என்று கேளுங்கள்.