நாலு தாளையும் சேர்த்துக் கிழிப்போம்

நேயர்களுக்கு வணக்கம். நல்ல பழக்கம் ஏன் பாதியில் நின்றுபோகிறது, நின்றதை எப்படித் திரும்பப் பிடிப்பது என்று இன்று பேசலாம்.

தை பிறந்து பத்து நாளாகிறது. மார்கழி முழுக்க எங்கள் கும்பகோணத்துத் தெருவில் விடியற்காலை நாலரைக்கே விளக்கு எரிந்தது. வாசல் தெளித்து, தெருவை அடைத்துக் கோலம் போட்டு, சாணிப் பிள்ளையாருக்குப் பூசணிப்பூ சூட்டி, குளித்துக் கோயிலுக்குப் போய் வந்தார்கள். இன்று காலை ஐந்தே முக்காலுக்கு நான் வெளியே வந்தபோது இரண்டே வீட்டில்தான் வெளிச்சம் இருந்தது. அந்தப் பனியில் ஒரு மாதம் எழுந்தவர்களால் இப்போது ஏன் எழ முடியவில்லை? இதைச் சோம்பல் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

சபரிமலைக்கு மாலை போட்டவர்களையும் பாருங்கள். பல வருடமாக பீடியை விட முடியாமல் தவித்தவர், மாலை கழுத்தில் விழுந்த அன்றே விட்டுவிடுகிறார். 41 நாள் தொடுவதில்லை. மலைக்குப் போய் வந்து மாலையைக் கழற்றிய மறுவாரம் பெட்டிக்கடை வாசலில் நிற்கிறார். வீட்டில் இருப்பவர்களுக்கு எவ்வளவு வருத்தம்! அந்த 41 நாளும் அவருடைய வைராக்கியம் மட்டுமா வேலை செய்தது? கழுத்தில் துளசிமணி, இடுப்பில் கறுப்பு வேட்டி. பார்க்கிறவர்கள் எல்லாம் 'சாமி' என்று கூப்பிட்டார்கள். வீட்டுச் சமையலே அவருக்காக மாறியது. மார்கழியிலும் அப்படித்தான். கோயில் ஒலிபெருக்கி எழுப்பியது, எதிர்வீட்டுக் கோலம் எழுப்பியது, திரும்பி வரும்போது தொன்னையில் சுடச்சுடப் பொங்கல் கிடைத்தது. ஊரே கைகொடுத்தது. தை பிறந்ததும் அந்தக் கைகள் விலகிவிட்டன.

இது எனக்குப் புரிந்தது பணி ஓய்வுக்குப் பிறகுதான். 34 வருடம் பள்ளி ஆசிரியையாக இருந்தேன். மணி அடித்தால் வகுப்பு, மணி அடித்தால் சாப்பாடு. என்னை ஒழுங்கான மனுஷி என்றே எல்லோரும் சொன்னார்கள், நானும் நம்பினேன். ஓய்வு பெற்ற ஆறே மாதத்தில் சாப்பிடும் நேரம், தூங்கும் நேரம் எல்லாம் கலைந்துபோயின. அந்த ஒழுங்கில் பெரும்பங்கு பள்ளிக்கூட மணியுடையது. இதை ஒப்புக்கொள்ள எனக்குக் கொஞ்ச நாள் பிடித்தது.

பிறகு சர்க்கரை வந்தது. தினமும் அரைமணி நேரம் நடக்க வேண்டும் என்றார் டாக்டர். நல்ல ஷூ வாங்கினேன். முதல் வாரம் ஏழு நாளும் நடந்தேன், அடுத்த வாரம் நாலு நாள். மூன்றாவது வாரம் மழை பிடித்துக்கொண்டது. ஷூ அட்டைப்பெட்டிக்குள் போய்விட்டது. மூன்று முறை இப்படி ஆரம்பித்து மூன்று முறையும் விட்டேன். ஒவ்வொரு முறை விட்டபோதும் சர்க்கரையைவிட என்மேல் வந்த வெறுப்புதான் அதிகம் வலித்தது. இதைக் கேட்டுக்கொண்டிருக்கும் பலருக்கும் அந்த வெறுப்பு தெரிந்திருக்கும்.

நாலாவது முறை ஒரே ஒரு மாற்றம் செய்தேன். வாசலில் பால் பாக்கெட் போடும் தம்பியிடம், நாளை முதல் வேண்டாமப்பா என்று சொல்லிவிட்டேன். காலையில் ஃபில்டரில் காபிப்பொடி போட்டு, அழுத்தி, வெந்நீரை ஊற்றி மூடிவிட்டுக் கிளம்புவேன். மகாமகக் குளத்துக்கு அந்தப் பக்கம் இருக்கும் பால் பூத்துக்கு நடந்து போய், பால் வாங்கிக்கொண்டு, குளத்தைச் சுற்றிக்கொண்டு திரும்புவேன். வீட்டுக்குள் நுழையும்போது டிகாஷன் இறங்கியிருக்கும். நடக்காவிட்டால் பால் இல்லை, பால் இல்லாவிட்டால் காபி இல்லை. நடக்கலாமா வேண்டாமா என்று எனக்குள் நடந்த தினசரி வாக்குவாதம் அதோடு நின்றது. வெந்நீரை ஊற்றியதும் கால் தானாகச் செருப்பைத் தேடும்.

உளவியல் ஆய்வாளர்கள் இதை வெகுகாலமாகச் சொல்லி வருகிறார்கள். பீட்டர் கோல்விட்சர் என்ற ஜெர்மானிய உளவியலாளர், 'நான் உடற்பயிற்சி செய்யப் போகிறேன்' என்று பொதுவாக நினைப்பதைவிட, 'இன்னது நடந்ததும் இன்னதைச் செய்வேன்' என்று இடத்தையும் நேரத்தையும் முடிச்சுப் போட்டு வைப்பவர்கள் அதிகம் செய்து முடிக்கிறார்கள் என்று காட்டினார். நம் மாத்திரைச் சீட்டைப் பாருங்கள். 'சாப்பாட்டுக்கு முன்', 'சாப்பாட்டுக்குப் பின்' என்றுதான் இருக்கும். மருந்து வேலை செய்ய அது தேவை என்பது ஒரு பக்கம். ஏற்கெனவே தினமும் நடக்கிற ஒன்றில் மாட்டி வைத்தால் மறக்காது என்பது இன்னொரு பக்கம்.

எத்தனை நாளில் பழக்கம் படியும் என்று என்னிடம் பலர் கேட்கிறார்கள். ஒரு மண்டலம், அதாவது 48 நாள் என்பது நம் வழக்கு. 21 நாள் என்று இப்போது எங்கும் சொல்கிறார்கள். அந்த 21 எங்கிருந்து வந்தது தெரியுமா? மேக்ஸ்வெல் மால்ட்ஸ் என்ற அமெரிக்க பிளாஸ்டிக் சர்ஜரி மருத்துவர், மாறிய தன் முகம் நோயாளிக்குப் பழக குறைந்தது 21 நாளாவது ஆகிறது என்று 1960-இல் எழுதினார். அதில் இருந்த 'குறைந்தது' என்ற சொல் வழியிலேயே உதிர்ந்து, கணக்கு மட்டும் உலகம் சுற்றுகிறது. பாவம், இதை நம்பி 22-ஆம் நாள் கஷ்டப்படுகிறவர், தன்னிடம்தான் ஏதோ கோளாறு என்று நினைத்துக்கொள்கிறார்.

லண்டன் யூனிவர்சிட்டி காலேஜில் ஃபிலிப்பா லாலி என்பவரும் அவருடைய குழுவினரும் 96 பேரை 84 நாள் கவனித்தார்கள். மதியச் சாப்பாட்டோடு தண்ணீர் குடிப்பது, இரவு உணவுக்கு முன் கால்மணி நேரம் ஓடுவது என்று ஆளுக்கொரு பழக்கம். யோசிக்காமல் தானாகச் செய்கிற நிலை வர எவ்வளவு நாளாகும் என்று, அந்த 84 நாள் போக்கை வைத்துக் கணக்கிட்டபோது, ஒருவருக்கு 18 நாள், இன்னொருவருக்கு 254 நாள் என்று வந்தது. நடுவாக எடுத்தால் 66. தண்ணீர் குடிப்பது சீக்கிரம் படிந்தது, உடற்பயிற்சிக்கு அதிக நாள் பிடித்தது. அந்த ஆய்வில் என் மனதைத் தொட்ட செய்தி வேறொன்று. நடுவில் ஒரு நாள் விட்டுப்போனதால் பழக்கம் படிவதில் பெரிதாக எந்தப் பாதிப்பும் இல்லை.

இதை முன்பே யாராவது என்னிடம் சொல்லியிருக்கக் கூடாதா என்று இருந்தது. என் மூன்று முயற்சிகளையும் கெடுத்தது விட்டுப்போன அந்த ஒரு நாள் இல்லை. மறுநாள் காலை, 'போச்சு, எல்லாம் போச்சு' என்று நினைத்துப் படுத்துக்கிடந்தேனே, அதுதான் கெடுத்தது. பாட்டு கற்கும் பிள்ளைகளின் தாய்மார்கள் வருத்தப்படுவார்கள்: பரீட்சைக்காக ஒரு மாதம் சாதகம் நின்றது, பிறகு தம்புரா பக்கமே போகவில்லை என்று. அந்தக் குழந்தையை 'ஏன் விட்டாய்' என்று கேட்காதீர்கள். பக்கத்தில் உட்காருங்கள், இன்றைக்கு ஒரே ஒரு சரளிவரிசை பாடச் சொல்லுங்கள். அது போதும்.

போன வருடம் மகளின் இரண்டாவது பிரசவத்துக்காகக் கோயம்புத்தூர் போயிருந்தேன். அங்கே பால் வாசலுக்கே வந்தது, அடுப்படி வேறு, குழந்தையின் அழுகைதான் கடிகாரம். இரண்டு வருடம் நடந்த பழக்கம் இரண்டே நாளில் நின்றது. முன்பாக இருந்தால் உடைந்துபோயிருப்பேன். இந்த முறை பேரனை மடியில் வைத்துக்கொண்டு, ஊருக்குப் போனதும் பார்த்துக்கொள்ளலாம் என்று நிம்மதியாக இருந்தேன்.

43 நாள் கழித்துத் திரும்பினேன். கூடத்துச் சுவரில் தினசரி காலண்டர் நான் கிளம்பிய தேதியையே காட்டிக்கொண்டிருந்தது. நாலு நாள் ஊருக்குப் போய் வந்தால் நாலு தாளையும் சேர்த்துக் கிழிப்போம். விட்டுப்போனதே என்று காலண்டரைத் தூக்கி யாரும் குப்பையில் போடுவதில்லை. 43 தாளையும் ஒரே பிடியாகக் கிழித்தேன், அன்றைய தேதி வந்தது. அடுப்படிக்குப் போய் ஃபில்டரைக் கழுவிக் கவிழ்த்துவிட்டுப் படுத்தேன். காலையில் பொடி போட்டு வெந்நீர் ஊற்றியபோது மணி ஐந்தரை. குளத்தை முழுதாகச் சுற்ற மூச்சு வாங்கியது. பாதியில் படிக்கட்டில் உட்கார்ந்து, பிறகு நடந்தேன்.

நன்றி, வணக்கம்.