ஒரு ஜாடியைப் பிள்ளை கையில் கொடுங்கள்

நேயர்களுக்கு வணக்கம்.

சித்திரை வெயில் ஏறிவிட்டது, பள்ளிக்கூடமும் லீவு விட்டாயிற்று. வடாம் பிழியவும் வற்றல் போடவும் இதைவிட நல்ல காலம் கிடையாது. பிள்ளைகள் வீட்டில் இருப்பதும் இப்போதுதான். அதனால் அந்தக் கைவேலையைப் பிள்ளைகளிடம் எப்படிச் சேர்ப்பது என்பதைப் பேசலாம் என்று வந்திருக்கிறேன்.

நான் மனையியல் ஆசிரியையாக இருந்தவள். ஓய்வு பெற்ற பிறகும் லீவு நாட்களில் எங்கள் தெருப் பிள்ளைகளைக் கூட்டிவைத்து எதையாவது போட்டுக்கொண்டேதான் இருக்கிறேன். அதில் எனக்குப் பட்டது ஒன்றுதான். பிள்ளைகளை உதவிக்குக் கூப்பிடாதீர்கள். ஒரு வேலையை முழுசாக ஒப்படையுங்கள்.

வழக்கமாக என்ன செய்கிறோம்? காக்கா விரட்ட உட்கார வைக்கிறோம். அதை எடு, இந்தத் துணியைப் பிடி, தள்ளிப் போ, எண்ணெய் தெறிக்கும் என்கிறோம். இப்படிப் பத்து வருஷம் பக்கத்திலேயே நின்ற பெண்கூட, கல்யாணமாகிப் போனபின், "உப்பு எவ்வளவும்மா?" என்று போன் செய்கிறாள். எவ்வளவு போடுவது, எப்போது நிறுத்துவது என்பதையெல்லாம் அம்மாவே முடிவு செய்துவிட்டார். பிள்ளைக்குக் கிடைத்தது எடுபிடி வேலை மட்டும்.

சரி, எதை ஒப்படைக்கலாம்? என்னைக் கேட்டால் மோர்மிளகாய். கால் கிலோ குண்டு மிளகாய் போதும். கழுவி, ஈரம் போகத் துடைத்து, காம்பைக் கிள்ளாமல் விட்டு, ஒவ்வொன்றிலும் ஊசியால் நாலைந்து துளை போட வேண்டும். கத்தி வேண்டாம், அடுப்பும் வேண்டாம். கையில் நல்லெண்ணெய் தடவிக்கொள்ளச் சொல்லுங்கள். கண்ணைக் கசக்கக் கூடாது என்பதையும் மறக்காமல் சொல்லிவிடுங்கள். புளித்த கெட்டி மோரில் உப்பைக் கலந்து மிளகாயைப் போட்டு, இரண்டு மூன்று நாள் ஊற வைக்கிறோம். அப்புறம் பகலில் மிளகாயை மட்டும் எடுத்துத் தட்டில் காய வைத்து, சாயங்காலம் திரும்ப அதே மோரில் போட வேண்டும். மோர் முழுவதையும் மிளகாய் குடித்து முடிக்கிற வரைக்கும் இதே வேலைதான். கடைசியில் கலகலவென்று சத்தம் வருகிற அளவுக்குக் காய வேண்டும்.

தினமும் காலையில் எடுப்பது, சாயங்காலம் போடுவது. செய்ததையே திரும்பச் செய்வதால்தான் பிள்ளைக்கு அது நன்றாகப் படிகிறது. பச்சை வெளுத்து வைக்கோல் நிறத்துக்கு வருவதையும், தோல் சுருங்குவதையும், வாசனை மாறுவதையும் அவனே நாளுக்கு நாள் பார்க்கிறான்.

இங்கே ஒரு பையனைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஆறாம் வகுப்புப் படித்துக்கொண்டிருந்தான், கேள்வி கேட்டே ஆளைத் துளைப்பான். "காய வெச்சதை எதுக்கு டீச்சர் திரும்ப மோர்ல போடணும்? நேரமில்ல வீணாகுது?" என்றான். நான் பதில் சொல்லவில்லை. பாதி மிளகாயை ஒரே முறை ஊறவைத்து நேராகக் காயப்போடு, மீதியை வழக்கம்போலச் செய் என்றேன். இரண்டு தட்டு வைத்தான். கடைசியில் இரண்டிலும் எடுத்துப் பொரித்துக் கொடுத்தேன். நேராகக் காயவைத்தது மேலே உப்பு, உள்ளே வெறும் காரம். மோரில் போட்டுப் போட்டு எடுத்தது விதை வரைக்கும் புளித்திருந்தது. அதற்கப்புறம் அவனிடம் யாரும் காரணம் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

அதோடு விடவில்லை அவன். உப்பு எவ்வளவு என்று வீட்டில் ஆச்சியிடம் கேட்டிருக்கிறான். "ஒரு பிடிதாம்ல" என்றிருக்கிறார் ஆச்சி. யார் பிடி? அவன் கை சின்னது, ஆச்சி கை பெரியது. என் வீட்டுச் சமையலறைத் தராசை வாங்கிக்கொண்டு போய், ஆச்சியைப் பிடி பிடியாகக் கல் உப்பு அள்ளிப் போடச் சொல்லி நிறுத்திருக்கிறான். "ஏலே, என் கையவே நிறுத்துப் பாக்கியா?" என்று ஆச்சி அதட்டினாராம். ஆனால் பாருங்கள், ஒவ்வொரு முறையும் ஐம்பது கிராமை ஒட்டியேதான் விழுந்திருக்கிறது. அவன் அதை நோட்டில் எழுதி, பக்கத்திலேயே தன் கைப்பிடியையும் நிறுத்து எழுதிக்கொண்டு வந்தான். கால் கிலோவுக்கு ஆச்சி பிடி ஒன்று, என் பிடி ஒன்றரை என்று. பாட்டிமார்களின் அளவு துல்லியமானது நேயர்களே, அதைக் கண்ணளவு, கையளவு என்று ஒதுக்காதீர்கள். ஒரு தராசும் நோட்டும் கொடுத்துப் பிள்ளையை அவர்கள் பக்கத்தில் உட்கார வையுங்கள். அவர்கள் இருக்கும்போதே செய்ய வேண்டிய வேலை இது.

முதலில் செய்யட்டும், காரணம் பிறகு வரட்டும். உலகத்திலும் அப்படித்தான் நடந்தது. உணவைப் புட்டியில் போட்டு, காற்றுப் புகாமல் அடைத்து, வெந்நீரில் வேகவைத்தால் மாதக்கணக்கில் கெடாது என்று பிரான்ஸ் நாட்டு நிக்கோலா அப்பேர் 1810லேயே ஊரறியச் சொல்லிவிட்டார். ஏன் கெடுவதில்லை என்று அவருக்கே தெரியாது. கிருமிகள்தான் காரணம் என்று லூயி பாஸ்டர் நிரூபிக்க அதற்குப் பிறகு ஐம்பது வருஷம் போல ஆனது. நம் வீடுகளில் அடைத்த புட்டி செய்கிற வேலையை உப்பும் வெயிலும் புளிப்பும் செய்கின்றன. ஊறுகாய்க்கு மேலே நிற்கிற நல்லெண்ணெயும் காற்றைத் தடுக்கிறது. மாவடுவில் உப்பைப் போட்டுக் குலுக்கி வைத்தால் தண்ணீர் ஊற்றாமலே ஜாடியில் நீர் சேர்ந்து, வடு சுருங்குகிறதே, அதைப் பிள்ளைக்குக் காட்டுங்கள். காய்க்குள் இருந்த நீரை உப்பு வெளியே இழுத்துவிட்டது. கிருமி பிழைக்க நீர் வேண்டும். இவ்வளவு போதும் விளக்கம்.

வடாத்துக்கு வருவோம். கூழ் கிளறுவது பெரியவர்கள் வேலை. கொதிக்கிற கூழ் கையில் தெறித்தால் ஒட்டிக்கொண்டு சுட்டுவிடும். ஆனால் உப்பு பார்க்கிற பொறுப்பைப் பிள்ளையிடம் விடுங்கள். கூழில் உப்பு சரியாக இருந்தால் காய்ந்த வடாத்தில் கரிக்கும், அதனால் கூழில் கொஞ்சம் குறைவாகத் தெரிய வேண்டும். ஒருமுறை கரித்த வடாத்தைத் தின்றுபார்த்த பிள்ளைக்கு இதை மறுமுறை சொல்ல வேண்டியிருக்காது. துணியின் பின்பக்கம் தண்ணீர் தெளித்து வடாத்தை உரிப்பதும் சின்ன விரல்களுக்கு நன்றாக வருகிற வேலை. இதில் ஆண் பிள்ளை, பெண் பிள்ளை என்று பிரிக்காதீர்கள். பசி இரண்டு பேருக்கும் ஒன்றுதான்.

நேரம் ஆகிவிட்டது என்று ஸ்டுடியோக் கண்ணாடிக்கு அந்தப் பக்கத்திலிருந்து கை காட்டுகிறார்கள். நார்த்தங்காயைச் சுருள் சுருளாக வெட்டுவதைப் பற்றிச் சொல்ல நினைத்தேன், அது இன்று முடியாது. இரண்டே விஷயம் சொல்லிவிடுகிறேன். ஊறுகாயில் பூஞ்சை தெரிந்தால் மேலாக வழித்துவிட்டுச் சாப்பிட வேண்டாம், முழுவதையும் கொட்டிவிடுங்கள். ஈரக் கரண்டி போடக்கூடாது என்பது பிள்ளைக்கு முதல் பாடமாக இருக்கட்டும். அப்புறம், உப்பும் புளிப்பும் இல்லாமல் பச்சைப் பூண்டை வெறும் எண்ணெயில் ஊறப்போட்டு வெளியே வைக்கக் கூடாது. காற்றில்லாத இடத்தில் வளர்கிற கொடிய கிருமி ஒன்று உண்டு, வாசனையில் தெரியாது. மொட்டை மாடி இல்லாதவர்களுக்குப் பால்கனியில் நாலு மணி நேர வெயில் வந்தால்கூட மோர்மிளகாய் காய்ந்துவிடும், நாள் மட்டும் கூடுதலாகப் பிடிக்கும். குண்டு மிளகாய் இப்போது சந்தையில் வருகிறது. இந்த வாரமே கால் கிலோ வாங்கிப் பிள்ளையிடம் கொடுங்கள். வணக்கம்.