சாவி உள்ளே இருப்பவரிடம்

பெருமதிப்பிற்குரிய நடுவர் ஐயா அவர்களே, எதிரணிப் பேச்சாளர்களே, ஜார்ஜ்டவுனின் மாலை நெரிசலைத் தாண்டி வந்து அமர்ந்திருக்கும் பினாங்குத் தமிழ்ச் சொந்தங்களே, அனைவருக்கும் வணக்கம்.

சீர்திருத்தத் தலைவர்களைப் பெரிதும் முடக்குவது வெளிப்பகையா, உட்பகையா என்ற கேள்விக்கு, உட்பகையே என்று வாதிட வந்திருக்கிறேன். எனக்கு முன் பேசிய எதிரணித் தலைவர் அம்மையார், சோவியத் ஒன்றியத்தில் சீர்திருத்தம் தொடங்கிய அதிபர் கொர்பச்சேவை வீழ்த்தியவை பொருளாதார நெருக்கடியும் குடியரசுகளின் பிரிவினையுமே என்றார். அழகாகத்தான் சொன்னார், ஆனால் 1991ஆம் ஆண்டின் நடுப்பகுதியை மட்டும் நமக்குக் காட்டாமல் விட்டுவிட்டார்.

அந்த ஆண்டு மார்ச் மாதத்தில், புதுப்பிக்கப்பட்ட ஒன்றியம் தொடரவேண்டுமா என்று பொதுவாக்கெடுப்பு நடந்தது. பால்டிக் நாடுகள் உள்ளிட்ட ஆறு குடியரசுகள் அதைப் புறக்கணித்தன என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால், உக்ரேனில் வாக்களித்தோரில் ஏறத்தாழ 70 விழுக்காட்டினர் ஒன்றியம் வேண்டும் என்றனர். அதே உக்ரேனில், அதே ஆண்டு டிசம்பரில், 90 விழுக்காட்டிற்கும் மேற்பட்டோர் தனிநாடு வேண்டும் என்றனர். இடையில் நடந்தது என்ன? குடியரசுகளுக்குக் கூடுதல் அதிகாரம் தரும் புதிய ஒப்பந்தம் ஆகஸ்டு 20ஆம் நாள் கையெழுத்தாக இருந்த நிலையில், அதற்கு முதல்நாள், துணை அதிபர் யனாயெவ், உளவு அமைப்பான கேஜிபியின் தலைவர் கிரியுச்கோவ், பாதுகாப்பு அமைச்சர் யாசோவ் முதலானோர், கிரிமியாவில் ஓய்விலிருந்த கொர்பச்சேவைக் காவலில் வைத்துவிட்டு ஆட்சியைக் கைப்பற்ற முயன்றனர். இவர்களில் ஒருவரையும் வாஷிங்டன் அனுப்பவில்லை. கொர்பச்சேவே தேர்ந்தெடுத்துத் தம் பக்கத்தில் அமர்த்திக்கொண்டவர்கள் இவர்கள். ஆகஸ்டு 24ஆம் நாள் உக்ரேன் விடுதலையை அறிவித்தது. ஆக, அம்மையார் சொன்ன பிரிவினையை விரட்டி விரைவுபடுத்தியதும் உள்ளே இருந்தவர்கள்தாம்.

அரசியலில் பதவிப்போட்டி இயல்பு, சமயத்தில் அப்படியில்லை என்பார் எவரேனும் இங்கிருந்தால், 1962ஆம் ஆண்டின் வத்திக்கானுக்கு வரட்டும். திருத்தந்தை இருபத்துமூன்றாம் யோவான் திருச்சபையைக் காலத்திற்கேற்பப் புதுப்பிக்க உலகெங்குமுள்ள ஆயர்களின் பேரவையான இரண்டாம் வத்திக்கான் சங்கத்தைக் கூட்டினார். அந்தச் சங்கத்திற்கான கோட்பாட்டு வரைவுகளைத் தயாரித்த குழுவின் தலைவரோ, மாற்றத்தை விரும்பாத கர்தினால் ஒத்தாவியானி. நவம்பர் 20ஆம் நாள் இறைவெளிப்பாடு பற்றிய வரைவு வாக்கெடுப்பிற்கு வந்தபோது, கேள்வியின் அமைப்பைக் கவனியுங்கள்: வரைவை ஏற்பதற்கு அல்ல, அதன்மீதான விவாதத்தை நிறுத்துவதற்கே மூன்றில் இரண்டு பங்கு வாக்கு வேண்டும் என்று வைத்தார்கள். நிறுத்துக என்று 1,368 பேரும், தொடர்க என்று 822 பேரும் வாக்களித்தனர். பெரும்பான்மை அவ்வளவு தெளிவாக இருந்தும் நூற்றுச்சொச்சம் வாக்குகள் குறைந்ததால், பெரும்பான்மையினர் விரும்பாத வரைவே பிழைத்தது. மறுநாள் திருத்தந்தையே தலையிட்டு அதைத் திரும்பப் பெறவேண்டியதாயிற்று. விதிப்புத்தகம் என்னும் சாவிக்கொத்து கையில் இருப்பவர், கதவைத் திறக்க மறுக்கவேண்டியதில்லை. தேடுகிறேன் என்று சொல்லிக்கொண்டிருந்தாலே போதும். நம் கோயில் நிர்வாகங்களின் ஆண்டுப் பொதுக்கூட்டங்களுக்குச் சென்று வந்தவர்களுக்கு இதை நான் விளக்கவேண்டியதில்லை.

அந்தக் கர்தினாலைக் கெட்டவர் என்று நான் சொல்லவில்லை. காலங்காலமாக வந்ததைக் காப்பதாக அவர் மெய்யாகவே நம்பினார். சிக்கலே அங்குதான் இருக்கிறது. வெளியே நிற்கும் எதிரியை எதிரி என்று மக்கள் உடனே அறிந்துகொள்வார்கள். உள்ளே இருப்பவரோ பக்திமான், தொண்டர், மூத்தவர். அவரை எதிர்த்தால், சீர்திருத்தவாதிக்குத்தான் துரோகி என்ற பெயர் வரும்.

இந்தப் பினாங்கிற்கும் இதில் ஒரு பங்குண்டு. இஸ்லாமியச் சீர்திருத்தம் பேசிய 'காவும் மூடா', அதாவது இளைய அணி, அறிஞர் சையது ஷேக் அல்-ஹாடி, 1927இல் இங்கேதான் ஜெலுத்தோங் அச்சகத்தை நிறுவினார். மலாய் மாநிலங்களில் அரண்மனையோடு இணைந்த சமய நிர்வாகம் வலுவாக இருந்தது. பிரிட்டனின் நேரடி ஆட்சியிலிருந்த நீரிணைக் குடியேற்றப் பகுதியான பினாங்கு அதன் கைக்கு எட்டாமல் இருந்தது. சொந்தச் சமயத்தைப் பற்றிச் சொந்தச் சமயத்தாரிடம் பேசுவதற்கு, அந்நியர் ஆட்சி செய்த ஊரே அவருக்கு வாய்ப்பாக அமைந்தது.

நடுவர் அவர்களே, என் கடைசிச் சான்று மலாய்த் தலைவர் டத்தோ ஓன் ஜாபார். ஒரே மனிதர் இரண்டு பகைகளையும் சந்தித்ததால், நம் தலைப்பிற்கு அவரைவிடப் பொருத்தமானவர் கிடைக்கமாட்டார். 1946இல் மலாய்க்காரர்களின் கட்சியான அம்னோவைத் தொடங்கி, மலாய் மாநிலங்களை ஒரே ஆட்சியின்கீழ் இணைக்கும் மலாயன் யூனியன் திட்டத்தை எதிர்த்துப் பிரிட்டிஷ் பேரரசோடு மோதினார். இரண்டாண்டுகள் முடிவதற்குள் அந்தத் திட்டம் கைவிடப்பட்டது. அடுத்து, அம்னோவின் கதவைப் பிற இனத்தவருக்கும் திறந்துவிடலாம் என்றார். சொந்தக் கட்சியினர் இணங்கவில்லை. 1951 ஆகஸ்டில், தாம் உருவாக்கிய கட்சியைவிட்டு அவரே வெளியேறினார். பிறகு எல்லா இனத்தவருக்குமான மலாயா சுதந்திரக் கட்சியைத் தொடங்கியவரை வாக்காளர்கள்தாமே தோற்கடித்தார்கள் என்று எதிரணி கேட்கலாம். 1952 கோலாலம்பூர் நகராட்சித் தேர்தலில் 12 இடங்களில் 9ஐ வென்றது, அதே அம்னோ மலாயா சீனர் சங்கத்தோடு அமைத்த கூட்டணிதான். அவர் கட்சிக்குக் கிடைத்தவை இரண்டே இடங்கள். 1954இல் பார்ட்டி நெகாரா என்னும் புதுக் கட்சியைத் தொடங்கியபோது, அவரும் மலாய் இனச்சார்பு அரசியலுக்கே திரும்பியிருந்தார்.

பேரரசை வென்றவர், தாம் தொடங்கிய கட்சியின் உறுப்பினர்களிடம் ஏன் தோற்றார்? எதிரணியின் அடுத்த பேச்சாளர் வேறெதற்கும் விடை சொல்லவேண்டாம். இந்த ஒரு கேள்விக்கு மட்டும் விடை தந்துவிட்டு அவர் தம் வாதத்தைத் தொடங்கட்டும். நன்றி, வணக்கம்.