ரிமினியில் ஒரு குடும்பம் நடத்தும் விடுதி: நம்பித் தங்கலாமா? – நேயர் சந்தேகத்துக்கு விளக்கம்

வணக்கம். இத்தாலியப் பயணம் பற்றிய சென்ற உரைக்கு வந்த கேள்விகளில் ஒன்று இரண்டு நாட்களாக என் மனத்தை விட்டு அகலவில்லை. ஆகவே இன்றைய விளக்கம் முழுவதையும் அந்த ஒரு கேள்விக்கே ஒதுக்குகிறேன்.

கேட்டிருப்பவர் ஒரு பெண்மணி. எழுபது வயதை நெருங்கும் மாமியாரையும் ஏழாம் வகுப்புப் படிக்கும் மகளையும் அழைத்துக்கொண்டு, வரும் கோடை விடுமுறையில் பொலோஞா வழியாக ரிமினிக்குச் செல்லவிருக்கிறார். அங்கே கடற்கரையிலிருந்து இரண்டு தெரு தள்ளி, ஒரு குடும்பம் தன் வீட்டிலேயே நடத்தும் சிறிய ஹாஸ்டலில், பெரிய ஓட்டல்கள் கேட்பதில் பாதிக்கும் குறைவான தொகைக்கு மூவருக்கான அறை கிடைப்பதாக எழுதியிருக்கிறார். பிறகு கேட்கிறார்: "வாடகை இவ்வளவு குறைவாக இருந்தால் எங்கேயோ ஒரு குறை இருக்கத்தானே வேண்டும்? வந்தவுடன் பாஸ்போர்ட்டை வாங்கிக்கொள்வார்களாமே, கொடுக்கலாமா? நாங்கள் சைவம், சாப்பாட்டுக்கு என்ன செய்வது?"

முதலில் பாஸ்போர்ட். கொடுக்கலாம், அம்மா, கொடுத்தே ஆக வேண்டும். இத்தாலியில் 1931ஆம் ஆண்டின் பொதுப் பாதுகாப்புச் சட்டத்தின் 109ஆம் பிரிவின்படி, ஐந்து நட்சத்திர ஓட்டலானாலும் இரண்டு அறை வைத்திருக்கும் வீடானாலும், தங்க வருபவரின் விவரத்தை 24 மணி நேரத்துக்குள் காவல் துறைக்குத் தெரிவிக்கும் கடமை விடுதிக்காரருக்கு உண்டு. இப்போது அதை இணையத்தின் வழியாகவே அனுப்பிவிடுகிறார்கள். விவரங்களைப் பதிந்துகொண்டதும் பாஸ்போர்ட் உங்கள் கைக்குத் திரும்ப வந்துவிட வேண்டும். இரவு முழுவதும் அதை அவர்கள் வைத்திருக்கத் தேவையில்லை. மாமியாரும் மகளும் சேர்த்து மூவரின் பாஸ்போர்ட்டையும் கைப்பையின் மேலாக வைத்துக்கொண்டு செல்லுங்கள். அத்துடன், நபருக்கு ஓர் இரவுக்கு இவ்வளவு என்று நகராட்சி வாங்கும் தங்கல் வரி ஒன்று உண்டு. முன்பதிவுத் தொகையில் பெரும்பாலும் அது சேர்ந்திருக்காது என்பதால், விடுதியில் தனியாகக் கேட்கும்போது நம்மை ஏமாற்றுகிறார்கள் என்று எண்ணிவிடாதீர்கள்.

இனி, என்னை இரண்டு நாள் உறுத்திய பகுதிக்கு வருகிறேன். குறைவு என்றால் குறை இருக்க வேண்டும் என்று எழுதியிருக்கிறீர்கள். நம் மொழியில் இரண்டு சொல்லும் ஒரே வேரில் நிற்பதாலோ என்னவோ, நம்மில் பலருக்கும் அப்படித்தான் தோன்றுகிறது. ஆனால் ரிமினியில் அந்த வாடகை ஏன் குறைவு என்று யாரும் என்னைக் கேட்பதில்லை. அதைக் கேட்டிருந்தால் மற்ற இரண்டு சந்தேகங்களும் தாமாகவே தெளிந்திருக்கும் என்று நம்புகிறேன்.

ரிமினி, ஏட்ரியாட்டிக் கடலோரத்தில் ஏறத்தாழ 15 கிலோமீட்டர் நீளத்துக்கு மணல் விரிந்து கிடக்கும் ஊர். 1843இல் அங்கே முதல் கடல் நீராடும் நிலையம் திறக்கப்பட்டபோது, கடலில் இறங்குவது பெரும்பாலும் மருத்துவமாகக் கருதப்பட்டது, வந்தவர்கள் செல்வர்கள். 1908இல் கிராண்ட் ஓட்டல் எழுந்ததும் அத்தகையவர்களுக்காகத்தான். இரண்டாம் உலகப் போரின்போது வான்வழிக் குண்டுவீச்சிலும், 1944 செப்டம்பரில் அந்த ஊரைச் சுற்றி நடந்த சண்டையிலும் ரிமினியின் பெரும்பகுதி இடிந்து போயிற்று. அந்தச் சண்டையில் இந்தியப் படைவீரர்களும் உயிரிழந்தார்கள். ரிமினியிலிருந்து சான் மரினோவுக்குப் போகும் சாலையில் அவர்கள் நினைவைத் தாங்கிய கூர்க்கா போர்க் கல்லறை இருக்கிறது. நேரம் கிடைத்தால் மகளை அங்கே அழைத்துச் செல்லுங்கள்.

போருக்குப் பிறகு ஊரைத் திரும்பக் கட்டியபோதுதான், நீங்கள் கேட்கும் வகை விடுதிகள் நூற்றுக்கணக்கில் முளைத்தன. மீன்பிடித்தவர்களும் நிலத்தில் உழைத்தவர்களும் கைச்சேமிப்பையும் கடனையும் போட்டுக் கடலோரத்தில் வீடு கட்டி, மாடி அறைகளைக் கோடையில் விருந்தினருக்கு விட்டார்கள். அறை நிரம்பிவிட்டால் குடும்பம் அடித்தளத்திலோ கார் கொட்டகையிலோ பாய் விரித்துப் படுத்துக்கொண்டது. பாட்டி சமைத்தார், தாய் அறைகளைக் கூட்டித் துடைத்தார், தந்தை கணக்கும் சந்தையும் பார்த்தார், பிள்ளைகள் தட்டு ஏந்தினார்கள். அந்த ஊரில் இதற்குப் பென்சியோனே என்று பெயர். ஆகவே, அம்மா, அந்த வாடகை குறைவாக இருப்பதற்குக் காரணம், சம்பளப் பட்டியலில் ஏற வேண்டிய உழைப்பை ஒரு குடும்பம் தானே சுமப்பது. அது அறையில் இருக்கும் குறைக்கான அடையாளம் அன்று.

இந்த உழைப்பிலிருந்துதான் நான் எப்போதும் வலியுறுத்தும் செய்தி பிறக்கிறது. பழைய நேயர்கள் இதை நாப்பொலி, அதாவது நேப்பிள்ஸ் நகரம், பற்றிய உரையிலும் கேட்டிருப்பீர்கள், பொறுத்துக்கொள்ளுங்கள். அறையைப் பற்றிக் கேட்பதற்கு முன், அந்த வீட்டின் நேரத்தைப் பற்றிக் கேளுங்கள். பெரிய ஓட்டலில் மூன்று முறை ஆள் மாறும். இங்கே காலையில் காப்பி கலந்து தந்த அதே கைதான் நடுப்பகலில் படுக்கை விரிப்பை மாற்றி, மாலையில் வெங்காயம் நறுக்கி, இரவு பதினொரு மணிக்குக் கதவையும் பூட்டுகிறது. அந்தக் கைக்கு ஓய்வு வேண்டும், அந்த ஓய்வுக்கென்று ஒரு வேளை உண்டு.

நான் முதன்முறை ரிமினிக்குப் போனபோது இதை அறியாதிருந்தேன். ரயிலிலிருந்து இறங்கிப் பெட்டியை இழுத்துக்கொண்டு விடுதி வாசலை அடைந்தபோது மணி இரண்டரை. கதவுத் திரை இறக்கியிருந்தது. அழைப்பு மணியை மூன்று முறை அழுத்தினேன், தொலைபேசியில் கூப்பிட்டேன், ஒருவரும் வரவில்லை. பணத்தை வாங்கிக்கொண்டு ஏமாற்றிவிட்டார்களோ என்று கூட எண்ணினேன். நான்கு மணி ஆகும்போது ஒரு மூதாட்டி திரையை உயர்த்தினார். முகத்தில் தூக்கத்தின் தழும்பு இன்னும் இருந்தது. காலை ஐந்தரைக்கு எழுந்த அவர், இரண்டு மணிக்குத்தான் படுத்திருந்தார் என்பதை மறுநாள் அறிந்தபோது, முந்தைய நாள் நான் அழுத்திய அந்த மூன்று மணியையும் திரும்பப் பெற முடியாதா என்று இருந்தது. நான் வரும் நேரத்தை முன்கூட்டி ஒரு வரி எழுதியிருந்தால், யாரேனும் ஒருவர் விழித்திருந்திருப்பார்.

சைவ உணவுக்கும் விடை இதே இடத்தில்தான் இருக்கிறது. இத்தகைய வீடுகளில் காலை உணவோடும் இரவு உணவோடும் சேர்த்து அறை தருவது வழக்கம். அதை மெத்சா பென்சியோனே என்பார்கள், அரைச் சாப்பாட்டுத் திட்டம் என்று கொள்ளுங்கள். பல இடங்களில் காலை உணவு மேசையில் ஒரு சிறு தாள் வைத்திருப்பார்கள். அன்றைய இரவு உங்களுக்கு எந்தப் பதார்த்தம் வேண்டும் என்று அதில் குறித்துக் கொடுக்க வேண்டும். பெயருக்கு வைத்த தாள் என்று அதைத் தள்ளிவிடாதீர்கள். அந்தத் தாளை எண்ணிப் பார்த்துத்தான் சந்தைக்குப் போகிறார்கள். எனவே சைவம் என்பதை முன்பதிவின்போதே எழுதுங்கள், சேர்ந்த அன்று மாலை நேரிலும் சொல்லுங்கள். "வெஜிடேரியன்" என்ற ஒற்றைச் சொல்லோடு நிறுத்தாமல் இறைச்சி இல்லாமல், மீன் இல்லாமல், முட்டை இல்லாமல், இறைச்சி வேகவைத்த சாறு இல்லாமல் என்று ஒவ்வொன்றாகப் பிரித்துச் சொல்வது நல்லது. அந்தப் பகுதியின் பெருமையான தாலியாதெல்லே என்னும் நாடா வடிவப் பாஸ்தா முட்டையிட்டுப் பிசைந்த மாவில் செய்வது. கப்பெல்லெத்தி என்னும் பூரணம் வைத்த பாஸ்தா இறைச்சிச் சாற்றில் மிதந்து வரும். பார்மிஜானோ பாலாடைக்கட்டியைக் கன்றின் இரைப்பையிலிருந்து எடுக்கும் உறைபொருள் கொண்டே உறைய வைக்கிறார்கள்.

குறிப்பாகப் பியதீனாவைப் பற்றி எச்சரிக்க விரும்புகிறேன். பார்வைக்கு நம் சப்பாத்தியின் தங்கையைப் போலிருக்கும். ரிமினியில் தெருவுக்குத் தெரு சுட்டுத் தருவார்கள். உங்கள் மகள் முதல் நாளே அதைக் கேட்பாள். ஆனால் பழைய முறையில் அதன் மாவில் ஸ்த்ருத்தோ என்னும் பன்றிக் கொழுப்பு சேர்ப்பார்கள். ஆலிவ் எண்ணெயில் பிசைந்ததும் கிடைக்கிறது. "ஸென்ஸா ஸ்த்ருத்தோ", அதாவது பன்றிக் கொழுப்பு இல்லாமல், என்ற இரண்டு சொற்களை மனப்பாடம் செய்துகொள்ளுங்கள். நான் தங்கியிருந்த வீட்டில் இதைச் சொன்ன மறுநாள், அந்த மூதாட்டி எனக்கென்று தனியே எண்ணெய் விட்டு நான்கு பியதீனா சுட்டு, கீரையை வதக்கி உள்ளே வைத்து, அடுப்பிலிருந்து நேரே தட்டுக்குக் கொண்டுவந்தார். முதல் நாள் வாசல் மணியை ஓயாமல் அழுத்தியவள் நான் என்பதை அவர் ஒரு சொல்லாலும் நினைவுபடுத்தவில்லை.

நீங்கள் ஹாஸ்டல் என்ற சொல்லைப் பயன்படுத்தியிருக்கிறீர்கள். நமக்கு அது மாணவர் விடுதி. அங்கே ஒஸ்தெல்லோ என்றால் அடுக்குக் கட்டில்களும் பொதுக் குளியலறையும் கொண்ட இடமாகவும் இருக்கலாம், தனி அறைகள் உள்ள பழைய பென்சியோனே தன் பெயர்ப்பலகையை மாற்றிக்கொண்டதாகவும் இருக்கலாம். மூவரும் தனி அறையில் இருப்பீர்களா, குளியலறை அறைக்குள்ளேயே இருக்கிறதா என்பதை எழுத்தில் கேட்டு வாங்குங்கள். மாமியாருக்காகக் கேட்க வேண்டியது இன்னொன்று: மின்தூக்கி உண்டா, இல்லையென்றால் முதல் மாடிக்கு மேல் வேண்டாம் என்று சொல்ல முடியுமா? அறுபது ஆண்டு பழைய வீடுகளில் படிகள் குறுகலாகவும் செங்குத்தாகவும் இருப்பதைக் கண்டிருக்கிறேன். தண்ணீரால் சுத்தம் செய்துகொள்ளும் வழக்கம் உள்ள நமக்கு இத்தாலி தரும் ஓர் ஆறுதலும் உண்டு. 1975ஆம் ஆண்டின் அரசாணைப்படி அங்கே ஒவ்வொரு குடியிருப்பிலும் ஒரு குளியலறையிலாவது கழிப்பிடத்தோடு பிதே என்னும் கழுவும் தொட்டியும் இருக்க வேண்டும். ஐரோப்பாவின் வேறு பல நாடுகளில் நம் பெரியவர்கள் படும் சங்கடம் இங்கே பெரும்பாலும் இல்லை.

கடற்கரையைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை; ஆனால் செலவு அங்கேதான் கூடும். ரிமினியின் மணலில் பெரும்பகுதி எண்ணிட்ட பகுதிகளாகப் பிரிக்கப்பட்டுள்ளது. ஒவ்வொன்றுக்கும் பாஞோ என்று பெயர். அதை நடத்துபவர் பாஞினோ. குடைக்கும் சாய்வுப் படுக்கைக்கும் நாள் வாடகை உண்டு, நீருக்கு அருகிலுள்ள முதல் வரிசைக்கு வாடகை அதிகம். சிறு விடுதிகள் பெரும்பாலும் ஏதேனும் ஒரு பாஞோவோடு ஒப்பந்தம் வைத்திருக்கும், அவர்கள் எழுதிக் கொடுக்கும் சீட்டோடு போனால் தள்ளுபடி கிடைக்கும். ஒன்றும் செலவழிக்க விரும்பாவிட்டால் துறைமுகத்தை ஒட்டிப் பொதுக் கடற்கரை இருக்கிறது. நீரின் ஓரமாக நடப்பதற்கு எங்கேயும் யாரும் தடை சொல்ல முடியாது. கடல் வெகுதூரம் வரை ஆழமின்றி இருப்பதால் மகளைப் பற்றி அச்சம் குறைவு. திரும்பும்போது கால் மணலை வெளியிலுள்ள குழாயில் கழுவிவிட்டு உள்ளே நுழையுங்கள். அந்த வீட்டில் நடைபாதையைத் துடைப்பதற்குத் தனியாக ஆள் கிடையாது. பள்ளி முடிந்து வந்த பேரன் துடைப்பதை நான் தினமும் பார்த்தேன்.

அந்தக் குடும்பங்கள் ஓர் ஆண்டின் வருமானத்தை நான்கைந்து மாதங்களுக்குள் ஈட்டியாக வேண்டும். 1989 கோடையில் ஏட்ரியாட்டிக் கடலில் பாசியிலிருந்து உண்டான பிசுபிசுப்பான சளி படர்ந்தபோது, விருந்தினர்கள் முன்பதிவை நீக்கிக்கொண்டு போனார்கள். ஒரு கோடை போனால் ஓர் ஆண்டு போயிற்று. ஆகவே நீங்கள் வர இயலாமல் போனால் கடைசி நாள் வரை காத்திராமல் உடனே தெரிவித்துவிடுங்கள். பெரிய ஓட்டலுக்கு ஒரு காலி அறை ஒரு பொருட்டன்று, பன்னிரண்டு அறை வைத்திருப்பவருக்கு அது பெரிய இழப்பு.

தேதியைப் பற்றி ஒரு சொல். ஆகஸ்ட் 15ஐ ஒட்டிய பெர்ராகோஸ்தோ விடுமுறையில் இத்தாலி முழுவதும் கடற்கரையில்தான் இருக்கும். வாடகையும் உச்சத்தில் இருக்கும். மகளின் பள்ளி விடுமுறை மே மாதத்தில் வருவது உங்களுக்கு நன்மையே. பல வீடுகள் மே மாதத்தில்தான் கதவைத் திறக்கின்றன. அப்போது கடல் நீர் சற்றுக் குளிராக இருக்கும், ஆனால் அறைகள் புதிதாக வெள்ளையடித்திருக்கும், வீட்டாரும் களைப்படையாமல் உங்களோடு உட்கார்ந்து பேசுவார்கள். ஜூன் 2 அவர்களுடைய குடியரசு நாள், அதையொட்டிக் கூட்டம் சேரும். அதற்கு முன் நான்கு இரவுகள் தங்குமாறு திட்டமிடுங்கள். இன்றே அந்த வீட்டுக்கு எழுதுங்கள்: எந்த ரயிலில் வந்து சேருவீர்கள், பகலில் கதவு எத்தனை மணி வரை மூடியிருக்கும், இரவு எத்தனை மணிக்குப் பூட்டுவார்கள், இரவு உணவுத் தாளை எப்போது கொடுக்க வேண்டும். பதில் வந்ததும் எனக்கும் தெரிவியுங்கள், அம்மா; மாமியாருக்கு எந்த மாடி கிடைத்தது என்பதை அறிய ஆவலாக இருக்கிறேன்.